உழவுக்கு மானியம் உண்டு, மண்ணை மூடுவதற்கு?
(திருத்தணி வட்ட மானாவாரி விவசாயிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியது)



நாம் எல்லோரும் ஏரிப் பாசனமோ போர் தண்ணீரோ இல்லாத கொல்லைக்காரர்கள். ஆடிக் கிருத்திகைக்கு மலைமேல் காவடி ஏறும்போது, கீழே நாம் வானத்தைப் பார்த்துக்கொண்டே வேர்க்கடலை விதைக்கிறவர்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். லாரியில் வாங்கினால் கட்டுப்படியாகுமா? சும்மா வருகிற அந்தத் தண்ணீரை நாம் பிடித்து வைக்கிறோமா? வெறும் செம்மண்ணில் மழை அறைந்ததும் மேலே பொருக்கு தட்டிவிடுகிறது. அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காமல் செக்கச்செவேலென்று ஓடைக்குப் போகிறது. மேல்மண்ணும், மக்கும், கடன் வாங்கிப் போட்ட உரமும் அதோடு சேர்ந்து போகிறது.

ஏன் இப்படி ஆச்சு? கடலையை வேரோடு பிடுங்குகிறோம். கொடி மாட்டுக்குப் போய்விடுகிறது. அடுத்த ஆடி வரை நிலம் மொட்டை வெயிலில் கிடக்கிறது. பிறகு ரொட்டவேட்டர் விட்டு மாவாக்குகிறோம். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டையில் 12 விவரம் போடுகிறார்கள். அதில் நாம் முதலில் பார்க்க வேண்டியது கரிமச் சத்து. அது இல்லாவிட்டால் யூரியா மூட்டை என்ன செய்யும்?

பிரேசிலில் மண் அரிப்பு தாங்காமல் 1970-களில் உழாமலே விதைக்க ஆரம்பித்தார்கள். அது பெரிய பண்ணைக்காரன் கதை. தட்டையை அப்படியே நிலத்தில் விடுகிறான், களைக்கொல்லி அடிக்கிறான். நமக்கு அப்படியே ஒத்துவராது. செம்மண்ணை மூடாமல், உழவையும் நிறுத்தினால் பொருக்கு இன்னும் மோசமாகும், கடலை விழுது இறங்காது. அதனால் நாம் சொல்வது இதுதான்: சரிவுக்குக் குறுக்கே ஒரு உழவு போதும், மாவாக்க வேண்டாம். நிலத்தைச் சும்மா போடாமல் மூடி வையுங்கள். கடலைக்கு மேல் கடலை போடாமல் துவரை, காராமணி, கேழ்வரகு என்று மாற்றுங்கள்.

"கொடியை நிலத்தில் விட்டால் மாடு என்னத்தைத் தின்னும்?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயம். பால் காசில்தான் பல வீட்டில் உலை கொதிக்கிறது. அதனால்தான் தனியாக மூடுபயிர் வேண்டும் என்கிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் அரசின் இயற்கை விவசாயத் திட்டத்தில், மழைக்கு முன்பே பலவகை விதைகளை மண்ணும் சாம்பலும் பூசி உலர் நிலத்தில் விதைக்கிறார்கள். நவதான்யம் என்கிறார்கள். நம் நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராகச் சொன்ன பலதானிய விதைப்பும் இதற்குச் சொந்தக்காரன்தான். ஆனால் அங்கே பின்னால் அரசாங்கம் நிற்கிறது.

இங்கே? 2025-26 வேளாண் பட்ஜெட்டில் மானாவாரி கோடை உழவுக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் என்று 24 கோடி ஒதுக்கினார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கோடையில் ஒரு உழவு நல்லதுதான். ஆனால் மண்ணை மூடி வைக்கிறவனுக்கும் அதே 2,000 கொடு என்கிறோம். 2024-25-இல் மண்ணுயிர் காக்கும் திட்டத்துக்கு 206 கோடி அறிவித்தார்கள். அதில் தக்கைப்பூண்டு விதை வந்தது. நஞ்சைக்கு நல்லது, கொல்லைக்கு ஈரம் போதாது. நமக்குக் கொள்ளு, காராமணி, சணப்பு, கொளுஞ்சி கலந்து கொடுங்கள். அதையும் வைகாசியிலேயே கொடுங்கள். ஒரு வருஷம் விதை வந்தபோது பட்டமே முடிந்துபோச்சு. எந்த ஆபீஸ் என்று சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. வாரத்துக்கும் குத்தகைக்கும் பயிர் வைக்கிறவனிடம் சிட்டா ஏது? அவனுக்கும் விதை வேண்டும். மண்ணைத் தினம் தொடுகிறவன் அவன்தான்.

வருகிற மாதம் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு எல்லோரும் வாருங்கள். சிட்டா உள்ளவர்கள் நகல் எடுத்து வாருங்கள், இல்லாதவர்கள் மனுவோடு வாருங்கள். ஆளுக்கு ஒரு பையில் அவரவர் கொல்லை மண் கட்டி ஒன்று கொண்டுவாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, எப்படிக் கரைகிறது என்று அதிகாரிகள் கண்முன்னே காட்டுவோம்.