தொப்பென்று உட்காராதீர்கள்

நான் கும்பகோணத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக இயன்முறை மருத்துவம் பார்த்து வருகிறேன். என் அறைக்கு வெளியே, காத்திருப்பவர்களுக்காக ஒரு பழைய மரப் பெஞ்சு போட்டிருக்கிறேன். உள்ளே வேலையாக இருந்தாலும், வந்து உட்காருகிறவரின் கால் எப்படி இருக்கிறது என்பது எனக்குக் காதிலேயே தெரிந்துவிடும். சிலர் உட்கார்ந்தால் சத்தமே வராது. சிலர் தொப்பென்று விழுவார்கள், பெஞ்சு ஒருமுறை முனகும். அந்தத் ‘தொப்’ கேட்டதுமே, இவருக்குத் தொடையில் வலு குறைந்துகொண்டு வருகிறது என்று மனதில் குறித்துக்கொள்வேன்.

ஜிம்முக்குப் போகாமல் வீட்டிலேயே உடம்பைத் திடமாக வைத்துக்கொள்வது பற்றி நேயர்களிடம் பேசச் சொன்னார்கள். நடை, கைவலு, மூச்சு, முதுகு என்று நீளமாகக் குறிப்பெடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். ஆனால் என் மனசெல்லாம் உட்கார்ந்து எழுவதில்தான் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டில் கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலி ஒன்று இருக்கும். அதை நகராதபடி சுவரை ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு உட்காருங்கள். முப்பது விநாடிக்குள் எத்தனை தடவை முழுசாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது வரை ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12 வர வேண்டும். 70 முதல் 74 என்றால் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10. அதற்குக் கீழே போனால் தடுக்கி விழும் ஆபத்து கூடுதல். எழும்போது கையை ஊன்றிவிட்டால் கணக்கு பூஜ்யம்தான். தலைசுற்றல் உள்ளவர்களும் வீட்டில் தனியாக இருப்பவர்களும் இப்போதே எழுந்து பார்க்க வேண்டாம், பக்கத்தில் ஆள் இருக்கும்போது பாருங்கள்.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். பேத்தியின் காதுகுத்துக்காகக் குலதெய்வக் கோயிலுக்குப் போனவர், பந்தியில் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் எழ முடியவில்லை. இரண்டு மருமகன்களும் ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்களாம். “வலியக்கூடப் பொறுத்துக்குவேம்மா, அத்தன சனத்துக்கு முன்னாடி தூக்கி நிறுத்துனாங்களே” என்றபோது அவர் குரல் கம்மிவிட்டது.

அவரிடம் லண்டன் பேருந்துகளின் கதையைச் சொன்னேன். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வு அது. அந்த ஊரில் மாடிப் பேருந்துகள். ஓட்டுநர் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டுக் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி வரை ஏறி இறங்குவார். இரண்டு பேருக்கும் ஒரே பேருந்து, ஒரே சாலை, ஒரே புகை. ஆனால் மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாகவே வந்தது. மாரிஸ் அதோடு விடாமல் சீருடைக் கணக்கையும் எடுத்துப் பார்த்தார். வேலையில் சேரும்போதே ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்ததைக் கண்டு, அதையும் கணக்கில் சேர்த்து யோசித்தார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்மேல் தனி மரியாதை. இதையெல்லாம் கேட்ட நம் ஓட்டுநர் சிரித்தார். “எங்க கண்டக்டரும் அப்படித்தாம்மா, முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருப்பாரு. இன்னைக்கும் சைக்கிள் மிதிக்கிறாரு.”

மறுநாளே பெஞ்சில் இரண்டு தலையணைகளை வைத்து அவரை உட்காரவைத்தேன். உயரத்திலிருந்து எழுவது சுலபம். கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான்: மெதுவாக உட்காருவது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி முடித்த பிறகுதான் பெஞ்சு உடம்பில் பட வேண்டும்.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். எழுவதுதான் பயிற்சி, உட்காருவது ஓய்வு என்று நாம் நினைக்கிறோம். எழும்போது தொடைத் தசை சுருங்குகிறது. உட்காரும்போது அதே தசை உடம்பின் பாரத்தைத் தாங்கியபடியே நீளுகிறது. மாடியிலிருந்து நிறைகுடத்தைக் கயிறு கட்டிக் கீழே இறக்குகிறவர் கயிற்றை விட்டுவிட மாட்டார், விட்டு விட்டுப் பிடிப்பார். அப்படிப் பிடித்து இறக்கும் வேலையிலும் தசை நன்றாக வலுவேறுகிறது. தொப்பென்று விழுகிறவர் கயிற்றை விட்டுவிடுகிறார். ஒரு நாளைக்கு முப்பது முறை உட்காருகிறோம் என்றால், சும்மா கிடைத்த முப்பது பயிற்சிகள் வீணாகின்றன. படி இறங்கும்போது மாமியார்களும் மாமனார்களும் கைப்பிடியைக் கெட்டியாகப் பற்றிக்கொள்வதும் இதே தசை தளர்ந்ததால்தான்.

“நான் தினமும் நடக்கிறேனே, அது போதாதா?” என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நடப்பதை ஒருநாளும் விடாதீர்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு என்பது பாதிதான். வாரம் இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி வேண்டும், 65 வயது தாண்டியவர்கள் மூன்று நாளாவது சமநிலைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது மீதிப் பாதி. அது நம் வீடுகளுக்கு வந்து சேரவே இல்லை. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. சர்க்கரை உள்ளவர்கள் இதைக் கவனித்துக் கேளுங்கள்: வேலை செய்கிற தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கட்டிலைத் தேடாமல் மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள்.

“முட்டி தேய்ந்துவிடாதா?” என்பது அடுத்த கேள்வி. முட்டியிலுள்ள குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுத்தி விடும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய் வந்துதான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. தொடை தளர்ந்தால் பாரமெல்லாம் முட்டியின் தலையில்தான் விழும். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வீக்கம் இருந்தால் உயரத்தைக் கூட்டுங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். முட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதய நோயாளிகளும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். யாராக இருந்தாலும் மூச்சை அடக்கக் கூடாது.

தோப்புக்கரணத்தைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. இடது கையால் வலது காது, அதன் மேல் வலது கையால் இடது காது, பிள்ளையார் முன்னால் மூன்று தடவை. காதைப் பிடிப்பதற்கு யார் என்ன காரணம் சொன்னாலும் சொல்லட்டும், நான் தொடையைத்தான் பார்ப்பேன். இத்தனை அழகான பயிற்சியைப் பள்ளிக்கூடத்தில் தண்டனையாக்கி, பிள்ளைகளுக்கு அதன்மேல் வெறுப்பை வரவழைத்துவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு நிறைய உண்டு. ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து அதை விளையாட்டு நேரத்துக்குக் கொண்டுபோங்கள்.

நேரம் ஓடிவிட்டது. கைக்கு ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்: சுவரில் உள்ளங்கைகளை ஊன்றிச் செய்யும் தண்டால். தரையில் முடியாதவர்களுக்கு அதுவே போதும். பால் பொங்கும்வரை அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் காலில் தேங்கும் ரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. நாற்காலிப் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள், பத்துப் பத்தாக இரண்டு தடவை செய்யுங்கள். நேயர்களில் பத்துப் பேராவது இன்று தொடங்கிவிட்டால் எனக்குப் பெரிய சந்தோஷம்.

அந்த ஓட்டுநருக்கு ஆறாவது வாரத்தில் ஒரு தலையணையை எடுத்தேன், அப்புறம் அடுத்ததை. பிறகு முக்காலி, அதன்பின் மணை. நான்கு மாதம் ஆயிற்று. போன வாரம் ஒரு பாட்டிக்குக் கை கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரும் வரவில்லை என்றுதான் நினைத்தேன். கதவைத் திறந்தால், பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்கிறார். வந்து கால்மணி நேரம் ஆகிவிட்டதாம்.