ஆர்க்காட்டுக் கடனும் எட்மண்ட் பர்க்கும்

1785-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இலண்டன் காமன்ஸ் சபையில் ஓர் உறுப்பினர் கர்நாடகப் பிரதேசத்தின் ஏரிகளைக் குறித்து உருக்கத்தோடு பேசினார். அந்த ஏரிகளில் ஒன்றையேனும் அவர் கண்டதில்லை. இந்திய மண்ணை மிதித்ததுமில்லை. அவரே எட்மண்ட் பர்க்.

பர்க் 1729-இல் டப்ளின் நகரில் பிறந்தவர். 1765-இல் ராக்கிங்ஹாம் பிரபுவின் அந்தரங்கச் செயலாளராகி, அவ்வாண்டின் இறுதியில் பாராளுமன்றம் புகுந்தார். 1794 வரை அங்கே இருந்தும், அவர் அரசாங்கப் பதவி வகித்தது 1782, 1783 ஆகிய ஆண்டுகளில் சில மாதங்களே. தம் வாழ்வின் பெரும்பகுதியை எதிர்க்கட்சி வரிசையிலேயே கழித்தார்.

அன்றைய விவாதத்தின் பொருள் ஆர்க்காட்டு நவாபின் கடன். நவாப் முகமது அலி, சென்னையிலிருந்த கம்பெனி ஊழியர்களிடமே கொழுத்த வட்டிக்குக் கடன் பட்டிருந்தார். அவர்களுள் முதன்மையானவர் பால் பென்பீல்டு. கடனுக்கு ஈடாக ஊர்களின் வரி வருமானமே எழுதிக்கொடுக்கப்பட்டது. 1773-இல் கம்பெனிப் படை தஞ்சையைக் கைப்பற்றி நவாபிடம் ஒப்படைத்தது. 1776-இல் கவர்னர் பிகட் பிரபு அதனைத் துளஜா மன்னருக்குத் திருப்பித் தந்தபோது, தஞ்சை விளைச்சலில் தமக்குப் பாத்தியதை உண்டென்று பென்பீல்டு வழக்காடினார். அவ்வாண்டே கவுன்சில் உறுப்பினர்கள் பிகட்டைச் சிறைப்படுத்தினர். மறு ஆண்டு காவலிலேயே அவர் மாண்டார்.

இத்தகைய கடன்களை ஆராயவேண்டுமென்று கம்பெனி டைரக்டர்கள் கருதினர். பிட்டின் அரசாங்கமோ விசாரணை இன்றியே அவற்றை ஏற்று, ஆண்டுதோறும் 12 இலட்சம் வராகன் ஒதுக்குமாறு பணித்தது. அப்பணத்தைத் தரவேண்டியவன் உழவன். 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் ஊர்கள் எரிந்து, பஞ்சம் பரவியிருந்த காலம் அது. இங்கேதான் பர்க் ஏரிகளை நினைவூட்டினார். தமிழில் ஏரி, தெலுங்கில் செருவு, பட்டான்செரு போன்ற ஊர்ப்பெயர்களில் இன்றும் வாழும் சொல். தம் காலத்துக்குப் பின்னும் குடிகள் வாழவேண்டுமென்று எண்ணிய மன்னர்கள் அவற்றை அமைத்தார்கள் என்றார் பர்க். கரை உடைந்து கிடக்கும் ஏரிகளைச் செப்பனிடவேண்டிய வருவாய் வட்டிக்காரர் பைக்குப் போகிறதே என்பது அவர் வழக்கு. சபை அதை ஏற்கவில்லை. ஆவணங்களைக் கேட்ட தீர்மானம் தோற்றது.

பர்க்கின் நோக்கத்தை ஐயுற்றோரும் உண்டு. அவருடைய நெருங்கிய நண்பர் வில்லியம் பர்க் தஞ்சை மன்னரின் முகவராக இருந்தவர். இதை மறைக்கவேண்டியதில்லை. நண்பரிடமிருந்து செய்தி கிடைத்திருக்கலாம், சார்பும் கலந்திருக்கலாம். ஆயினும் கணக்கைக் காட்டுங்கள் என்ற கேள்வியின் நியாயம், கேட்பவருடைய நட்பினால் குறைந்துவிடாது.

வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது அவர் முன்னின்று நடத்திய குற்றவிசாரணையும் அவ்வாறே முடிந்தது. 1788-இல் தொடங்கிய அவ்வழக்கில் 1795-இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலை பெற்றார். இரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1797-இல் பர்க் மறைந்தார்.

1801-இல் கர்நாடகம் கம்பெனி வசமானது. பின்னர் நவாபின் கடன்களை ஆராய ஒரு கமிஷன் அமைந்தது. கடன்காரர் உரிமை கோரிய தொகையில் மிகச் சிறு பகுதியே மெய்க்கடன் என்று அது முடிவு கூறியது. 1785-இல் பர்க் கேட்ட விசாரணை, அவர் கண்மூடிய பிறகே நடந்தேறியது.

ஆர்க்காட்டு உழவனுக்கு அந்தச் சபையில் வாக்கு இல்லை. அவனுக்காகப் பேசியதால் பர்க்குக்கு ஒரு வாக்கும் கூடவில்லை. எதிர்க்கட்சியின் வேலை வெற்றியால் மட்டும் அளக்கத்தக்கதன்று. ஆளுவோர் கேட்க விரும்பாத கணக்கை உரிய காலத்தில் சபையின் ஏட்டில் ஏற்றிவைப்பதும் நாட்டுக்குச் செய்யும் தொண்டேயாகும்.