அஞ்சுபவரின் பயணம்



மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் களங்கள் நான்கு என்கின்றார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. நான்கும் நமக்குப் புறத்தே நிற்பவை. தன் உள்ளமே தன்னை வெருட்டும் அச்சத்தை எதனுள் அடக்குவது? மாணவன் ஒருவன் இப்படிக் கேட்பானாயின், நான் சைவனாயினும், ஜோன் பனியன் என்னும் ஆங்கிலக் கிறிஸ்தவரையே அவனுக்குச் சுட்டுவேன்.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) நம்மவர் அறிந்த காப்பியம். அதன் முதனூலாகிய 'மோட்சப் பிரயாணம்' 1678 இல் வெளிவந்தது. அதனை எழுதிய பனியன், ஓட்டைப் பாத்திரங்களைத் திருத்திக் கொடுக்கும் தொழிலாளி.

1666 இல் அவர் தம் வரலாற்றையும் எழுதினார். வாலிபத்தில் கோயில் மணி அடிப்பதில் அவருக்குப் பெருவிருப்பு. அது வீண் விளையாட்டென்று மனச்சாட்சி உறுத்தவே விட்டுவிட்டார். ஆனால் வேடிக்கை பார்க்கப் போவதை விடவில்லை. மணி அறுந்து விழுந்தால்? உத்தரத்தின் கீழ் ஒதுங்கினார். விழுந்த மணி சுவரில் மோதித் தெறித்து வந்தால்? வாசலுக்கு நகர்ந்தார். கோபுரமே சரிந்தால்? ஓடியே போனார். நமக்குச் சிரிப்பு வரும். ஆயினும், ஓர் அச்சத்துக்கு ஒதுங்கியவனை அடுத்த அச்சம் ஒதுங்கிய இடத்திலேயே பிடித்துக்கொள்வதை இத்தனை எளிமையாகச் சொன்ன பகுதியை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

1660 இல் அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காகப் பெட்போர்ட் சிறையில் அடைக்கப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு வாக்குக் கொடுத்தால் வீடு போகலாம். வீட்டில் நான்கு பிள்ளைகள். மூத்தவள் மேரிக்குக் கண் பார்வை இல்லை. அவள் பசியிலும் குளிரிலும் வாடுவாளே என்ற நினைவுதான் அவரை மிகவும் வதைத்தது. அவர் செய்தது என்ன? நாடாக்களின் நுனிக்கு உலோகம் பூட்டும் வேலையைச் சிறைக்குள்ளேயே செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார். கவலைக்குக் கைவேலை நல்ல மருந்து என்பதை நம் தாய்மாரும் அறிவர்.

சட்டம் தெரியாத அவர், தூக்குமேடைதான் முடிவென்றும் எண்ணினார். சாவைவிட, ஏணியில் ஏறும்போது கால் நடுங்கித் தம் விசுவாசத்துக்கு இழுக்கு வந்துவிடுமோ என்பதே பெரும் பயம். பல நாள் மன்றாடியும் ஆறுதல் கிட்டவில்லை. ஈற்றில், இறைவன் ஆறுதல் தந்தாலும் தராவிட்டாலும் ஏணியிலிருந்து குதிப்பேன் என்று முடிவு கட்டினார். ஆறுதல் அதன் பின்பே வந்தது. பிள்ளைகளை இறைவனிடம் ஒப்படைக்க எரேமியாவின் வாக்கொன்று துணைநின்றது.

குடும்பத்துக்கு அவர் நியாயம் செய்தாரா என்று இன்றும் வாதிடலாம். 1661 இல் நீதிபதிகள் முன் கணவனுக்காக வாதாடிய எலிசபெத்தின் துணிவு அவர் துணிவுக்குக் குறைந்ததன்று என்பது என் எண்ணம். பனியன் சிறையிலிருந்தது பன்னிரண்டு ஆண்டுகள்.

'மோட்சப் பிரயாண'த்தில் வழிமறிக்கும் சிங்கங்களைக் கண்டு இருவர் திரும்பி ஓடுகின்றனர். சிங்கங்கள் சங்கிலியிற் கட்டப்பட்டவை. பாதையின் நடுவே நடப்பவனை அவை எட்டா. ஆனால் என்னைக் கவர்ந்தவர், 1684 இல் வந்த இரண்டாம் பாகத்தின் அஞ்சுபவர் என்ற பாத்திரமே. அவநம்பிக்கைச் சேற்றருகே ஒரு மாதத்துக்கு மேலாகப் புலம்பிக் கிடக்கிறார். தாண்டவும் மாட்டார், வீடு திரும்பவும் மாட்டார். சிங்கங்களுக்கோ அவர் அஞ்சவேயில்லை. தாம் இறுதியில் ஏற்றுக்கொள்ளப்படுவோமா என்பதே அவர் பயமெல்லாம். கடைசி ஆற்றங்கரையிலும் மூழ்கிவிடுவேன் என்று நடுங்குகிறார். அன்றைக்கு அந்த ஆற்றில், வழிகாட்டி முன்னொருபோதும் கண்டிராத அளவுக்கு நீர் வற்றிக் கிடந்தது. அஞ்சுபவர் பாதம் நனைந்தும் நனையாமலும் அக்கரை சேர்ந்தார்.