நின்று கேட்ட கோடைகள்

(நூற்றாண்டை முன்னிட்டு லண்டனில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் இருவர் சேர்ந்து வழங்கிய உரை)



"கல்லூரி தந்த இசை" என்ற பொருளில் பத்து நிமிடம் பேசும்படி செயற்குழுவினர் கேட்டார்கள். பொருள் பெரிது. எங்களிடம் இருப்பது ஒரு சிறிய கதைதான். இதை நாங்கள் இருவரும் ஒரே மேசையில் இருந்து எழுதினோம். ஒலிவாங்கி ஒன்றுதான் என்பதால் ஒருத்தி வாசிக்கிறாள். மற்றவள் பக்கத்தில் நிற்பது, வாசிப்பவள் தனக்கு வசதியில்லாத பகுதிகளைத் தாண்டிப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதற்காக.

எங்களை உங்களில் சிலருக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தெரியும். ஒருத்தி வீணை பழகினாள், மற்றவள் வாய்ப்பாட்டு. வகுப்பில் எங்கள் சொந்தப் பெயர்களை மறந்து "வீணைக்காரி", "பாட்டுக்காரி" என்றே கூப்பிட்டார்கள். இந்த உரைக்கும் அந்தப் பெயர்களே போதும். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளுக்கு இருவரும் ஒன்றாகவே தோற்றினோம். வீணைக்காரிக்கு நாலு சுரம் காதில் விழுந்தால் போதும், ராகம் சொல்லிவிடுவாள். வகுப்பில் ரீச்சர் வாசித்துக்காட்டி ராகம் எழுதச் சொல்லும் நாட்களில் பாட்டுக்காரி எழுதியதெல்லாம் வீணைக்காரியின் கொப்பியைப் பார்த்துத்தான். ரீச்சர் இன்று சபையில் இல்லை என்ற துணிவில் இதைச் சொல்கிறோம்.

பாட்டுக்காரி 1984இலேயே இங்கு வந்துவிட்டாள். வீணைக்காரி 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்திலிருந்து நடந்தவர்களில் ஒருத்தி. வீணையைத் துணியால் சுற்றி அறைச் சுவரோடு சாத்தி, கதவைப் பூட்டி, திறப்பையும் பத்திரமாகக் கொண்டுவந்தாள். திறப்பு இன்னும் இருக்கிறது. சில வருடங்களுக்குப் பிறகு ஈஸ்ட் ஹாமில் ஒரு மரக்கறிக் கடையில் முருங்கைக்காய்க்கு விலை கேட்கும் குரலை வைத்துத்தான் ஒருத்தியை மற்றவள் அடையாளம் கண்டாள்.

லண்டனில் எங்கள் ஆட்களுக்குக் கோடை என்றால் அரங்கேற்றக் காலம். ஒரே சனிக்கிழமைக்கு மூன்று அழைப்பிதழ் வரும். அங்கெல்லாம் போய்ப் பிள்ளைகளை வாழ்த்தி, சாப்பிட்டு, சேலைகளைப் பற்றிக் கதைத்துவிட்டு வருவோம். ஆனால் காது கொடுத்துக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்று இருவருக்கும் இருந்தது. 2008இல் பாட்டுக்காரியோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிதான் "புறொம்ஸ்" பற்றிச் சொன்னார். யூலை நடுப்பகுதியில் தொடங்கி செப்ரெம்பர் இரண்டாம் சனிக்கிழமை வரை, எட்டுக் கிழமை, அநேகமாக ஒவ்வொரு நாளும் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் கச்சேரி. மண்டபத்தின் நடுவே கதிரைகள் இல்லாத வட்டமான தளத்தில் நின்று கேட்பதானால் அப்போது 5 பவுண். இன்று 8. ஒருத்தி ஈஸ்ட் ஹாமிலிருந்தும் மற்றவள் சவுத் ஹரோவிலிருந்தும் றெயில் மாறாமலே சவுத் கென்சிங்ரனில் வந்து இறங்கலாம். இந்த ஒரு வசதி இல்லாவிட்டால் நாங்கள் இத்தனை வருடம் போயிருக்கமாட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் மண்டபத்தின் தெற்குப் படிகளில் நீண்ட வரிசை. வரிசை எங்களுக்குப் புதிதா? பாணுக்கு நின்றோம், மண்ணெண்ணெய்க்கு நின்றோம், கூப்பன் கடையில் நின்றோம். சங்கீதத்துக்கு நிற்பதுதான் புதிது. வரிசையைப் பார்ப்பவர்கள் இலக்கமிட்ட ஒரு துண்டைத் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு எதிரே உள்ள பூங்காவில் போயிருந்து, கொண்டுபோன மீன் கட்லிஸைச் சாப்பிட்டுவிட்டு நேரத்துக்குத் திரும்பி வரலாம். இப்போது காலையில் இணையத்திலும் ரிக்கற் வாங்கலாம். எங்களுக்கு அந்தத் துண்டுதான் பிடித்திருந்தது.

இந்த விழாவை 1895 ஓகஸ்ட் 10ஆம் திகதி றொபேட் நியூமன் என்பவரும் ஹென்றி வூட் என்ற இளம் இசை நடத்துநரும் வேறொரு மண்டபத்தில், குயீன்ஸ் மண்டபத்தில், தொடங்கினார்கள். வசதி இல்லாதவர்களும் நல்ல சங்கீதம் கேட்கவேண்டும் என்பது நோக்கம். நிற்பதற்கு ஒரு ஷிலிங். 1927இல் பிபிசி பொறுப்பேற்றது. 1941 மே மாதம் ஜேர்மன் குண்டுவீச்சில் குயீன்ஸ் மண்டபம் எரிந்து போயிற்று. அந்த வருடமே விழா அல்பேர்ட் மண்டபத்துக்கு இடம்பெயர்ந்தது. எரிந்த இடிபாடுகளிலிருந்து ஹென்றி வூட்டின் மார்பளவுச் சிலையை எடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் அது ஓகனுக்கு முன்னால் வந்து நிற்கும். கடைசி இரவில் நின்று கேட்கும் கூட்டத்தார் அதற்கு மாலை போடுவார்கள். நூலகம் எரிந்த ஊரிலிருந்து வந்த எங்களுக்கு அந்தச் சிலையைப் பார்த்தவுடன் இந்த விழாவோடு ஏதோ ஒரு உறவு வந்துவிட்டது.

சங்கீதம் உடனே விளங்கவில்லை. முதல் நாள் வீணைக்காரி என் காதுக்குள் கேட்டாள், "சுருதிப் பெட்டி எங்கை?" என்று. (பாருங்கள், "என்" என்று வாசித்துவிட்டேன். எழுதியதில் "பாட்டுக்காரியின் காதுக்குள்" என்றுதான் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவள் இடிக்கிறாள்.) ஓர் ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டுப் பழகிய காதுக்கு, ஒரே நேரத்தில் பல குரல்கள் பல பக்கம் போவது சந்தைக்குள் நிற்பது போல இருந்தது. பியானோவில் ஒரு சுரம் தட்டிச் சுருதி சேர்த்ததற்கே நின்ற கூட்டம் கைதட்டியது, அது அங்கே ஒரு பகிடி. அதுதான் முக்கியமான உருப்படியோ என்றும் ஒரு கணம் நினைத்தோம். பாட்டுக்காரிக்குத்தான் ஒரு வழி தோன்றியது. "மேலே போறதை விடும். அடியிலை டபிள் பேஸ் போகுது, அதைப் பிடிச்சுக்கொண்டு வாரும்." அப்படித்தான் பழகினோம். அடியில் போவதைப் பிடித்தால் மேலே போவது தானாக வந்து சேரும். இந்தப் பேச்சு பிறகு எவ்வளவு உதவப் போகிறது என்று அப்போது தெரியாது.

ஒன்பது கோடைகள் ஒன்றும் குறையவில்லை. 2017 ஓகஸ்டில், இந்திய சுதந்திரத்துக்கும் பிரிவினைக்கும் 70 வருடம் ஆனதையொட்டி, அந்த மண்டபத்தில் வீணை ஒலித்தது. ஜெயந்தி குமரேஷ் வாசித்தார். இத்தனை வருடம் நாங்கள் அவர்களுடைய வீட்டுக்குப் போய்க் கேட்டோம், அன்றைக்கு எங்கள் வீட்டு வாத்தியம் அங்கே வந்திருந்தது. வாசிப்புத் தொடங்கிச் சிறிது நேரத்தில் பாட்டுக்காரி வழக்கம்போலக் கேட்டாள், "என்ன ராகம்?" வீணைக்காரி சிரித்துத் தலையாட்டி, "நல்லாயிருக்கு" என்றாள்.

நாற்பத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட பழக்கத்தில் அந்தக் கேள்விக்கு வந்த முதல் பிழையான விடை அது. பாட்டுக்காரி கவனிக்கவில்லை. வீணையைக் கண்ட மகிழ்ச்சியில் கண் கலங்கியிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டாள்.

அடுத்த கோடை வீணைக்காரி வரவில்லை. முழங்கால் என்றாள். அதற்கடுத்த கோடை பேரப்பிள்ளை என்றாள். பாட்டுக்காரி தனியே போய் நின்றாள், இடைவேளையில் தொலைபேசி எடுத்தாள், பதில் இல்லை. எடுத்த நாட்களிலும் கேட்டதற்குச் சம்பந்தமில்லாத மறுமொழி. பெரிய இடத்துச் சம்பந்தம் கிடைத்ததும் எங்களை மறந்துபோனாள் என்று பாட்டுக்காரி முடிவுகட்டினாள். வாய் தடித்து ஒரு நாள் அதைச் சொல்லியும்விட்டாள். அந்தச் சொல் மட்டும் வீணைக்காரிக்குத் தெளிவாகக் கேட்டது. எட்டு மாதம் நாங்கள் பேசவில்லை. பிறந்தநாளுக்குக்கூட இல்லை. இந்தப் பகுதியை இங்கே வாசிக்கத்தான் வேண்டுமா என்று எழுதும்போது எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. வாசிக்க வேண்டும் என்றவள் பக்கத்தில் நிற்பவள்.

2020 சித்திரையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கொவிட்டில் போய்ச் சேர்ந்தாள். மரணச் சடங்கைக் கணினித் திரையில் பார்த்தோம். அதன்பின் கோபத்துக்கு என்ன இடம்? ஓகஸ்டில் பூங்காவில் ஒரு வாங்கின் இரு முனைகளில், முகக்கவசத்தோடு போய் இருந்தோம். எதிரே அல்பேர்ட் மண்டபம். அந்த வருடம் உள்ளே சபையோர் இல்லை. பாட்டுக்காரி ஏதேதோ மன்னிப்புச் சொல்லிக்கொண்டே போக, வீணைக்காரி கையை நீட்டி மறித்தாள்.

"உதைக் கழட்டும். உம்மடை வாய் தெரியாட்டில் நீர் என்ன சொல்லுறீர் எண்டு எனக்கு விளங்காது."

எங்களோடு படித்தவர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியாயிற்று. ஆகையால் நாங்கள் அறிந்துகொண்டதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறோம். வயதினால் காது மந்தமாகும்போது முதலில் போவது மேல் சுரங்கள். உட்செவியின் நத்தைச் சுருளில் மேல் சுரங்களை வாங்கும் நுண்மயிர்க் கலங்கள் வாசலருகே இருக்கின்றன. தேய்வதும் அவைதான் முதலில். பேச்சில் உயிரெழுத்துகள் கேட்கும், ச, த போன்ற மெல்லிய மெய்கள் நழுவும். ஆகவே "கேட்கவில்லை" என்று தோன்றாது, "இவர்கள் ஏன் வாய்க்குள் கதைக்கிறார்கள்" என்றுதான் தோன்றும். மற்றவர்களின் உதடுகளைத் தாங்கள் பார்த்துக்கொண்டிருப்பது பலருக்கே தெரியாது. முகக்கவசம் வந்தபிறகுதான் பலருக்கு வெளித்தது. வீணைக்காரிக்கு முன்பே தெரியும். ராகம் சொல்லிப் பெயரெடுத்தவள் காது கேட்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

தேசிய சுகாதார சேவையில் காதுக் கருவி இலவசமாகவே கிடைத்தது. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஒரு வீணை இசைத்தட்டைப் போட்டாள். தகரத்தில் கம்பி கட்டி வாசிப்பது போலிருந்தது. அன்று அழுததுபோல 1995இலும் அழவில்லை என்கிறாள். கருவிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மெல்லிய ஒலியைத் தூக்கும், பெரிய ஒலியை அமுக்கும். சங்கீதத்தின் ஏற்ற இறக்கம் அங்கேயே போய்விடுகிறது. அது மட்டுமல்ல, புல்லாங்குழலோ வயலினோ ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தால், தானே கீச்சிடுவதாக எண்ணிக் கருவி அதை அழிக்கப் பார்க்கும். சுரம் நடுங்கும். அநேகர் இந்த இடத்தில் கருவியை லாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள். திரும்பிப் போய்ச் சொன்னால் சங்கீதத்துக்கென்று தனியாக ஓர் அமைப்பைப் போட்டுத் தருவார்கள். நாங்கள் நாலு தடவை போனோம். போகும்போது பாட்டுக்காரியும் போனாள், பரிசோதகரின் அறையில் ஆரோகணம் பாடிக் காட்டினாள். முழுவதும் திரும்பி வரவில்லை. உயரத்தில் போகும் வயலின் இன்றும் நூல்போலத்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

(ஆறுதல் சொல்ல வருபவர்கள் எல்லோரும் பேத்தோவனைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். 1824இல் வியன்னாவில் ஒன்பதாம் சிம்பொனி முடிந்தபின், பாடகி ஒருத்தி அவரைச் சபைப் பக்கம் திருப்பித்தான் கைதட்டலைக் காட்டவேண்டியிருந்ததாம். "அவருக்கு இயற்றத் தெரியும், எனக்குக் கேக்க மட்டும்தான் தெரியும்" என்பது வீணைக்காரியின் பதில்.)

மண்டபம் மீண்டும் திறந்தபின் ஒரு கோடையில், பிரெஞ்சுக்காரர் சன்-சோன்ஸின் மூன்றாம் சிம்பொனி. ஓகனுக்காகப் பெயர்பெற்ற அதை அவர் 1886இல் லண்டனுக்கென்றே எழுதினார். அல்பேர்ட் மண்டபத்து ஓகன் 1871இல் கட்டப்பட்டது, ஏறத்தாழ 10,000 குழாய்கள். நாங்கள் முன்கூட்டியே போய், மேடையைப் பார்த்து வலது கைப் பக்கம், டபிள் பேஸ்களுக்கு நேரே, முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மெதுவான பகுதியில் ஓகன் முழங்கிக்கொண்டு வராது. காதுக்குத் தெரியாமல் அடியிலிருந்து எழும்பும். பாட்டுக்காரிக்கு அது கேட்குமுன்னரே வீணைக்காரி கம்பியை இறுகப் பிடித்தாள்.

"வருது," என்றாள்.

கம்பி வழியாகவும் காலடிப் பலகை வழியாகவும் வந்துகொண்டிருந்தது. வயலின்கள் மேலே ஏறிய இடத்தில் பாட்டுக்காரி அவளுடைய உள்ளங்கையை விரித்து, மெட்டு போகும் வழியை விரலால் கீறினாள். ஏறும்போது விரல் பக்கம், இறங்கும்போது மணிக்கட்டுப் பக்கம், நீளும்போது அழுத்தி. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கைரேகை பார்க்கிறார்களோ என்று எங்களை உற்றுப் பார்த்தார். முடிந்து வெளியே படிகளில் இறங்கும்போது பாட்டுக்காரி சொன்னாள், "வகுப்பிலை உம்மடையைப் பாத்து எழுதின கடன் இது. இன்னும் கனக்க இருக்கு."

இப்போதும் அப்படித்தான் கேட்கிறோம். வீட்டுக்குப் போய் பிபிசி வானொலியில் அதே கச்சேரியை வீணைக்காரி காதணியோடு இன்னொரு தடவை கேட்டு, மறுநாள் காலை தொலைபேசியில் பாட்டுக்காரி கீறிய பிழைகளைச் சொல்வாள். பிழை நிறைய.

இந்தக் கோடையும் போக எண்ணியிருக்கிறோம். சேர்ந்து வர விரும்பும் அக்காமாரும் தங்கைமாரும் வரலாம். மேடையைப் பார்த்து வலது கைப் பக்கம், முன்கம்பி. வசதியான சப்பாத்துப் போட்டு வாருங்கள், உள்ளே வெக்கை, தண்ணீர்ப் போத்தல் வேண்டும். கட்லிஸ் நாங்கள் கொண்டுவருவோம்.