போலி மருந்தை எதிர்த்து நின்ற மருந்தாளுநர் டோரா அகுன்யிலி: நினைவேந்தல் உரை

(ஜூன் 7 நினைவு நாளையொட்டி மகளிர் அணியும் மருத்துவ அணியும் சேர்ந்து நடத்திய படத்திறப்பு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழ்ல பேரைப் பார்த்துட்டு "யாருங்க இந்தம்மா?"ன்னு காலையில இருந்து போன் வந்துட்டே இருக்கு. சொல்லிடுறேன். டோரா அகுன்யிலி, ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டுக்காரர். மருந்தாளுநர். ஆறு பிள்ளைகளைப் பெற்று, பேரப்பிள்ளைகளையும் பார்த்தவர். 1954-ல் பிறந்தவர், 2014 ஜூன் 7 அன்று, அறுபது வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, புற்றுநோயால் இறந்துபோனார். உயிர் பிரிந்தது நம்ம இந்தியாவில், ஒரு மருத்துவமனையில்.

அவர் கதை 1988-ல் இருந்து தொடங்குது. அவருக்கு விவியன்னு ஒரு தங்கை. சர்க்கரை நோய். இன்சுலின் போட்டுக்கிட்டாதான் உயிர். அந்தப் பொண்ணுக்குக் கிடைத்த இன்சுலின் போலி. ஊசி போட்டும் சர்க்கரை இறங்கலை. 21 வயசுல செத்துப்போச்சு.

இங்க ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. அக்கா யாரு? மருந்தாளுநர் படிப்பு முடிச்சவர். 1985-லேயே முனைவர் பட்டம் வாங்கினவர். பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக வேலை பார்த்து, அப்புறம் மருத்துவ மாணவர்களுக்கே பாடம் எடுத்தவர். அவர் வீட்டுக்குள்ளேயே போலி மருந்து நுழைஞ்சிடுச்சு. ஏன்னா குப்பிக்குள்ள இருக்கிறது இன்சுலினா, வெறும் தண்ணியான்னு எவ்வளவு படிச்சவங்களாலும் கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. லேபிள் ஒரே மாதிரி, மூடி ஒரே மாதிரி. அதைச் சொல்ல ஒரு ஆய்வகம் வேணும், அந்த ஆய்வக அறிக்கையை மறைக்காத ஒரு அதிகாரி வேணும், அந்த அதிகாரி மேல கைவைக்காத ஒரு அரசாங்கம் வேணும். கத்தரிக்காயைக் கையில உருட்டிப் பார்த்து வாங்கலாம். மாத்திரையை வாங்க முடியுமா?

அந்தம்மாவின் நேர்மைக்கு ஒரு சம்பவம் சொல்வாங்க, அந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிஞ்சது. அரசு நிதியம் ஒன்றில் வேலை பார்த்தபோது உடம்பு சரியில்லை. லண்டன் போய் அறுவை சிகிச்சை செய்யணும்னு டாக்டர்கள் சொன்னாங்க. அலுவலகம் 17,000 பவுண்டு கொடுத்து அனுப்பியது. அதில் 12,000 அறுவை சிகிச்சைக்கு. லண்டன்ல பார்த்தவங்க ஆபரேஷனே தேவையில்லைன்னுட்டாங்க. அந்தம்மா ஊருக்குத் திரும்பி 12,000 பவுண்டையும் அலுவலகத்தில் திருப்பிக் கட்டினார். பணம் திரும்பி வந்ததைப் பார்த்து ஆபீசே ஆச்சரியப்பட்டிருக்கும்! இந்தச் செய்தி அதிபர் ஒபசாஞ்சோ காது வரைக்கும் போச்சு. 2001-ல் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு முகமையின் தலைமைப் பொறுப்புக்கு அவரைக் கொண்டுவந்தார். 'நாஃப்டாக்' என்று சுருக்கமா சொல்வாங்க.

அப்பவே எதிர்ப்பு. போலி மருந்து வியாபாரத்தில் பெரிய கைகள் பல அவருடைய இபோ சமூகத்துக்காரங்க, சொந்த ஜனத்து மேல இந்தம்மா நடவடிக்கை எடுப்பாரான்னு கேட்டாங்க. எடுத்தார். அவர் சொந்த மாநிலமான அனம்ப்ராவில் ஒனிட்சா என்று ஒரு வணிக நகரம். அங்கே இருந்த பெரிய மருந்துச் சந்தையை 2007-ல் மாதக்கணக்கில் இழுத்து மூடினார். சாதிக்காரன், ஊர்க்காரன், கட்சிக்காரன்னு பார்த்து ஃபைலை அலமாரியில வைக்கிற வழக்கம் எங்கேயும் உண்டு. நம்மையும் சேர்த்துத்தான் சொல்றேன், யாரும் கோவிச்சுக்காதீங்க.

அவர் பொறுப்பேற்ற காலத்தில் நிலைமை எப்படி இருந்ததுன்னு ஒரு கணக்கு. லேகோஸ், அபுஜா ஆகிய நகரங்களின் மருந்துக் கடைகளில் 581 மாதிரி வாங்கிச் சோதித்த ஆய்வு ஒன்று 2001-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. 279 மாதிரிகள் தரத்தில் தேறவில்லை. கிட்டத்தட்ட பாதி. அம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல்னு நகையை அடகு வச்சு மருந்து வாங்கினா, ரெண்டுல ஒண்ணு அளவில் சரியில்லை.

என்ன பண்ணார்? இறக்குமதி மருந்து இரண்டு துறைமுகம், இரண்டு விமான நிலையம் வழியாக மட்டுமே வரலாம்னு வாசலைச் சுருக்கினார். பதிவு எண் இல்லாத மருந்தை வாங்காதீங்கன்னு ரேடியோவிலும் பத்திரிகையிலும் சொல்ல வைத்தார். பிடிபட்ட போலி மருந்தை ஊரறியக் கொளுத்தினார். தோழர்களே, நமக்குக் கொஞ்சம் கூச்சமான ஒரு விஷயத்தையும் சொல்லணும். அங்கே போன தரமற்ற மருந்தில் பெரும்பங்கு இந்தியாவில் இருந்தும் சீனாவில் இருந்தும் போனது. அதனால் கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே சரக்கைச் சோதிக்க இந்தியாவிலும் சீனாவிலும் ஆய்வாளர்களை நியமித்தார். தவறு செய்த நம்ம நாட்டுக் கம்பெனிகளுக்குத் தடையும் போட்டார். உலகத்துக்கே விலை மலிவான மருந்து கொடுக்கிற நாடுன்னு நாம பெருமை பேசுறோம், பேசணும். அந்தப் பெருமைக்குள்ள இந்தப் பக்கமும் இருக்கு.

சும்மா விடுவாங்களா? 2003 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சொந்த மாநிலத்தில் காரில் போய்க்கிட்டிருந்தவரைச் சுட்டாங்க. குண்டு தலையில் கட்டியிருந்த துணியைத் துளைச்சு, தலைத்தோலை உரசிட்டுப் போச்சு. மயிரிழையில் தப்பினார். அந்தத் தாக்குதலில் ஒரு பேருந்து ஓட்டுநர் இறந்துபோனார். அந்த மனுஷனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க? அடுத்த சில மாதத்தில், 2004-ல், லேகோஸில் இருந்த ஆய்வகம் தீயில் எரிஞ்சது. மறுபடி வேலைக்கு வந்தார். 2008 வரைக்கும் அந்த நாற்காலியில் இருந்தார்.

அவரைத் தெய்வமாக்க நான் வரலை. அவர் பதவியில் இருந்த கடைசி மாதங்களிலேயே, 2008 இறுதியில், நைஜீரியாவில் பல் முளைக்கிற குழந்தைகளுக்குக் கொடுக்கிற மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் கலந்து போச்சு. 84 குழந்தைகள் செத்தாங்க. அந்த ஆலையை மூடினாங்க, வழக்குப் போட்டாங்க. ஆனால் போன குழந்தைகள் போனதுதான். ஏழு வருஷம் காவல் நின்ற வாசலில் ஒரு டப்பா உள்ளே போயிடுச்சு.

இந்த விஷத்தின் பேரை நாம வேற இடத்தில் கேட்டிருக்கோம். சிரப்பில் மருந்தைக் கரைக்க புரொப்பிலீன் கிளைகால் சேர்ப்பாங்க. அதே மாதிரி நிறமில்லாமல், இனிப்பாக இருக்கிற, ஆலைகளுக்குப் பயன்படுகிற மலிவான திரவம் இது. குழந்தை உடம்புக்குள்ள போனால் சிறுநீரகம் போயிடும், மூத்திரம் நின்னுடும். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலும் சுற்றியும் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இப்படித்தான் செத்தாங்க. அந்த இருமல் மருந்து எங்கே தயாரானது? நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடு. அதில் இருந்தது 48.6 விழுக்காடு. கண்டுபிடித்ததும் தமிழ்நாட்டு அரசு ஆய்வகம்தான். ஆக, நம்மகிட்ட ஆய்வகம் இருக்கு, திறமையான ஆட்கள் இருக்காங்க. அந்தச் சோதனை, குழந்தை சாவதற்கு முன்னால ஏன் நடக்கலைன்னு கேட்கிறதுதான் அரசியல். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் கேட்கணும்.

அவருடைய அரசியலைப் பற்றி ரெண்டு வார்த்தை. 2010-ல் அமைச்சராக இருந்தபோது, அதிபர் நோயில் படுத்திருக்க, யார் நாட்டை நடத்துறாங்கன்னே தெரியாத நிலை. துணை அதிபரிடம் பொறுப்பைக் கொடுங்கன்னு அமைச்சரவையில் எழுத்து மூலமாகக் கேட்டவர் அவர். மற்றவங்க வாயைத் திறக்கத் தயங்கின நேரம் அது. 2011-ல் செனட் தேர்தலில் நின்னார், தோற்றார். நல்லவங்க தோற்கிறது நமக்குப் புதுசா என்ன. உடம்பு இளைச்சு அடையாளமே தெரியாமல் போன நிலையிலும், 2014-ல் தன் நாட்டின் தேசிய மாநாட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அந்தப் படத்தைப் பார்த்து ஜனங்க கலங்கிப் போனாங்க.

இங்க வந்திருக்கிறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மருந்து வாங்கினால் பில் கேளுங்க. பில்லுல பேட்ச் நம்பர், காலாவதித் தேதி ரெண்டும் இருக்கணும். நாளைக்கு ஒரு மருந்து தப்புன்னு அறிவிப்பு வந்தால், உங்க வீட்டு அலமாரியில இருக்கிறது அதுதானான்னு அந்த எண்ணை வச்சுத்தான் பார்க்க முடியும். கடைக்காரர் முகம் சுளிச்சா சுளிக்கட்டும். மருத்துவ அணித் தோழர்கள் நம்ம மாவட்டத்தில் எத்தனை மருந்து ஆய்வாளர் பணியிடம் காலியா இருக்குன்னு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்க. பதில் வந்ததும் இதே பக்கத்தில் போடுவோம்.

படத்தைத் திறக்கப் பெரிய தலைவர் யாரையாவது கூப்பிடலாம்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன். நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக்கடையில முப்பது வருஷமா நிற்கிற அக்கா பின்வரிசையில உட்கார்ந்திருக்காங்க, மடியில பேத்தியோட. அக்கா, வாங்க. பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க.