எந்த மாவீரன் வரப்போகிறான்?

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர்களும் இளைஞர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆகாயத்தில் பறக்கும் சக்தி படைத்த ஒரு மாவீரன் கோடானுகோடி மைலுக்கு அப்பாலுள்ள வேறோர் உலகத்துக்குப் போய், அங்கே அழிவில் சிக்கித் தவிக்கும் ஜனங்களைக் காப்பாற்றிவிட்டுத் திரும்புகிறான் என்பதாகக் கதைகள் வருகின்றன. நம் பிள்ளைகள் அவற்றைச் சித்திரக்கதையாகப் படிக்கிறார்கள், சினிமாவாகப் பார்க்கிறார்கள். அதைப்பற்றி நாலு வார்த்தை சொல்லவேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் கேட்டுக்கொண்டதால் அதையே பேசுகிறேன். கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

கதை படிக்காதே என்று சொல்ல நான் வரவில்லை. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யைத் தமிழில் கொண்டுவந்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதைப் பாடப்புத்தகத்துக்குள் மறைத்துவைத்துப் படித்தார்கள். அதனால் நாடு கெட்டுவிடவில்லை. கதையைக் கதையென்று படிக்கிறவனுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. ஆனால், கதையில் வருகிற வீரன் நம் காரியத்தையும் வந்து பார்ப்பான் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறானே, அவனுக்குத்தான் நஷ்டம்.

நம் தமிழிலேயே இத்தகைய கதை ஒன்று படமாக வந்திருக்கிறது. 1963இல் வெளிவந்த 'கலை அரசி' என்னும் படம் அது. ஏ. காசிலிங்கம் டைரக்ட் செய்தார், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். விஞ்ஞானத்தில் நம்மைவிட மேலான வேற்றுக் கிரகத்தார், தங்கள் உலகத்தில் கலை இல்லாத குறையைத் தீர்த்துக்கொள்ளப் பூமியிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கதாநாயகன் அந்த உலகத்துக்கே போய் அவளை மீட்டுவருகிறான்.

தோழர்களே, இதைச் சற்று யோசியுங்கள். கிரகம் விட்டுக் கிரகம் தாண்டும் கப்பல் கட்டத் தெரிந்தவனுக்கு, ஒரு பாட்டு வாத்தியாரை மரியாதையாக அழைத்து, சம்பளம் பேசிக் கூட்டிப்போகத் தெரியவில்லை! அந்தப் பெண்ணுக்கு வர இஷ்டமா என்று எவனும் கேட்கவும் இல்லை. தூக்கிக்கொண்டு போக ஒருவன், மீட்டுக்கொண்டு வர ஒருவன். பெண் மாத்திரம் நடுவில் ஒரு சாமான்! ஆகாயக் கப்பல் புதிது. கதையின் ஏற்பாடு எவ்வளவு பழையது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நிற்க, அதே 1963ஆம் வருஷம் நவம்பர் 21ந் தேதி மெய்யாகவே ஒரு காரியம் நடந்தது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்னும் மீனவர் கிராமத்திலிருந்து ஒரு சிறிய ராக்கெட் ஆகாயத்தில் ஏவப்பட்டது. ராக்கெட் அமெரிக்காவில் செய்தது. அதை ஏவும் வேலையில் இருந்தவர்களில் ராமேசுவரத்து அப்துல் கலாமும் ஒருவர். அங்கிருந்த மாதா கோயில் கட்டடமே ஆபீசாயிற்று. ராக்கெட் சாமான்களைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போன படங்கள் இன்றும் இருக்கின்றன. சினிமாக் கொட்டகையில் வீரன் ஒரு நொடியில் வேற்றுலகம் போனான். தும்பாவில் மனிதர்கள் சைக்கிளை உருட்டினார்கள். இந்த இரண்டில் எது நம்மைச் சந்திரனில் கொண்டுபோய் இறக்கியது?

மாவீரன் கதைகளுக்கெல்லாம் மூத்தவன் என்று சூப்பர்மேனைச் சொல்லலாம். அவன் பிறந்த கிரகம் வெடித்துச் சிதறுகிற தறுவாயில், தகப்பன் அவனைக் குழந்தையாக ராக்கெட்டில் வைத்துப் பூமிக்கு அனுப்பிவிடுகிறான் என்பது கதை. 1938இல் இவன் கதை அச்சில் வந்தது. இவனைப் படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரண்டு வாலிபர்கள். அவர்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? 130 டாலர்! அந்தத் தொகைக்கு உரிமை முழுவதையும் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். பிறகு கோடி கோடியாகப் பணம் குவிந்தது; குவிந்த இடம் முதலாளியின் பெட்டி. இவர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். முதுமையில் ஷூஸ்டருக்குக் கண்பார்வையும் மங்கிற்று. மலையைத் தூக்குகிற சூப்பர்மேன் தன்னைப் பெற்றவர்களைத் தூக்கிவிட வரவில்லை. 1975இல் சீகல் தன் கஷ்டத்தைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். மற்றச் சித்திரக்காரர்கள் ஒன்றுசேர்ந்து கிளர்ச்சி செய்தார்கள். அதன்பிறகே கம்பெனி ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் கொடுக்கவும், அவர்கள் பெயரைப் போடவும் சம்மதித்தது. சூப்பர்மேனுக்கே சங்கம் வேண்டியிருந்தது, தோழர்களே!

சரி, வேற்றுலகத்திலிருந்து நம்மைக் காப்பாற்ற யாராவது வரமாட்டார்களா என்று ஒரு தோழர் கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். வெளிச்சம் ஒரு நொடியில் ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகும். சூரியனுக்கு அடுத்தபடி நமக்குக் கிட்டத்திலுள்ள நட்சத்திரத்திலிருந்து அது நம்மிடம் வர 4 வருஷத்துக்கு மேலாகிறது. 1977இல் புறப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் போக 70,000 வருஷத்துக்கு மேல் வேண்டும். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்கள் 6,000க்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றிலாவது உயிர் இருப்பதாக இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே அங்கிருந்து ஒருவன் புறப்பட்டு வந்து நம் தெருச் சாக்கடையைச் சுத்தம் செய்வான் என்று காத்திருப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வூரில் பொம்மையும் அகலும் மின்சாரச் சாமான்களுக்கு வேண்டிய பீங்கானும் செய்கிறீர்கள். காக்கும் கடவுள் பொம்மையும் பறக்கும் வீரன் பொம்மையும் ஒரே மண்ணைக் குழைத்து, அச்சில் வார்த்து, ஒரே சூளையில் வேகிறவைதாம். சூளையில் ஒரு பொம்மை வெடித்துவிட்டால் என்ன செய்கிறீர்கள்? அதன் தலைவிதி என்று விட்டுவிடுகிறீர்களா? ஈரம் காயவில்லை, அல்லது சூட்டை வேகமாக ஏற்றிவிட்டோம் என்று காரணம் தேடி, அடுத்த தடவை திருத்திக்கொள்ளுகிறீர்கள். சூளைக்கு முன்னால் இருக்கிற இந்த அறிவை வீட்டுக்கு வரும்போது மாத்திரம் ஏன் வாசலில் கழற்றி வைத்துவிடுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

2019 செப்டம்பர் 7ந் தேதி சந்திரயான் 2இன் இறங்குகலம் சந்திரனில் மோதி நொறுங்கியது. விஞ்ஞானிகள் கிரகத்தின்மேல் பழி போடவில்லை. எங்கே பிசகிற்று என்று பார்த்தார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், 5 எஞ்சினை 4 ஆக்கினார்கள், இறங்க ஒதுக்கிய இடத்தை அரைக் கிலோமீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23ந் தேதி மாலை சந்திரயான் 3 பத்திரமாக இறங்கிற்று. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் உங்களுக்கு அந்நியரல்ல, பக்கத்து விழுப்புரத்துக்காரர். தகப்பனார் ரயில்வேயில் டெக்னீஷியன். ரயில்வே பள்ளிக்கூடத்தில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ வாங்கி, அப்புறம் மேலே போனவர். அவருக்கு இரும்புக்கையும் இல்லை. பறக்கும் போர்வையும் இல்லை.

இன்னொன்று சொன்னால் மண்ணோடு பழகுகிற நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். சந்திரனில் இறங்கிப் பழக, சந்திரனின் மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. நாமக்கல் ஜில்லாவில் சித்தம்பூண்டி, குன்னமலை என்னும் கிராமங்களில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்னும் பாறை அதற்கு ஒத்துவந்தது. அதை உடைத்து, அரைத்து, சலித்து, டன் கணக்கில் பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பரப்பி, அதன்மேல் சோதனை செய்தார்கள். அவ்விதம் மண் செய்யும் முறைக்கு 2020இல் காப்புரிமையும் கிடைத்தது. தூரத்து உலகம் ஒன்றில் கால்வைக்க உதவியது நம் கிராமத்துக் கல்லும் அதை அரைத்த கையும்தான்.

உங்கள் பீங்கானுக்கும் ஆகாயத்துக்கும் இன்னும் கிட்டிய உறவு உண்டு. பீங்கான் வேகுகிற சூளையில் சூடு 1,200 டிகிரிக்கு மேல் போகும். ஆகாயத்திலிருந்து கலம் பூமிக்குத் திரும்பும்போது காற்றோடு மோதி ஏறக்குறைய அவ்வளவு சூடு அதன் மேலேறுகிறது. அமெரிக்காவின் விண்வெளி ஓடத்தைக் காக்க அதன்மேல் ஒட்டியவை சிலிக்காவால் செய்த ஓடுகள். ஒன்றிரண்டல்ல, 20,000க்கு மேல். நம் நாட்டிலும் 2007 ஜனவரி 10ந் தேதி ஏவிய ஒரு கலத்தை 22ந் தேதி வங்கக்கடலில் பத்திரமாக இறக்கினார்கள். அதைச் சூட்டிலிருந்து காத்தவற்றிலும் சிலிக்கா ஓடுகள் உண்டு. ஆகவே ஆகாயத்தில் போகிறவனைக் காப்பாற்றுகிற மாவீரன் ஓர் ஓட்டுத்துண்டு என்றாலும் பிழையில்லை!

இப்பொழுது நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆகாயத்தில் உயிரைக் காக்கிற அதே சிலிக்கா, தூளாகி நெஞ்சுக்குள் போனால் உயிரை வாங்கும். பீங்கானுக்குச் சேர்க்கும் குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக் கல்லை அரைக்கும்போதும், சலிக்கும்போதும், காய்ந்த சாமானைத் தேய்க்கும்போதும் பறக்கிற தூசியில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இருக்கின்றன. தலைமயிர்க் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அவை நுரையீரலில் தங்கித் தழும்பாக்கிவிடும். பல வருஷம் ஒன்றும் தெரியாது. பிறகு மூச்சு வாங்கும். அதற்குச் சிலிகோசிஸ் என்று பெயர். வந்தபின் குணமாக்க மருந்து இல்லை. காசநோய் என்று தப்பாக எண்ணிவிடுவதும் உண்டு. அது வந்தவர்களுக்குக் காசநோய் சுலபமாகத் தொற்றுவதும் உண்டு. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே இதைச் சர்க்காருக்குத் தெரிவிக்கவேண்டிய நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது. அப்படியிருந்தும், தூசியைச் சாப்பிட்டு வாழ்வது தொழிலாளியின் தலையெழுத்து என்று நாமே பேசுகிறோம்.

இது தலையெழுத்தல்ல, தடுக்கக்கூடியது. கல்லை நனைத்து அரைத்தால் தூசி வெகுவாகக் குறையும். துடைப்பத்தால் உலரப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கலாம். அரைக்கும் இடத்தை மூடி, தூசியை இழுத்து வெளியேற்றும் விசிறி வைக்கலாம். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டுவது போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி வேண்டும். அந்தச் செலவு முதலாளியைச் சேர்ந்தது. வேலைத் துணியோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். இருமல் விடாமலிருந்தால் டாக்டரிடம் என்ன தொழில் செய்கிறோம் என்பதை முதலில் சொல்லி, நெஞ்சுப்படம் எடுத்துப் பாருங்கள். தனி ஆளாகக் கேட்டால் கிடைக்காததைச் சங்கமாகக் கேளுங்கள். சூப்பர்மேனைப் படைத்தவர்களுக்கே அப்படித்தான் கிடைத்தது.

தோழர்களே! தாய்மார்களே! ஆபத்தில் சிக்கிய உலகம் எங்கேயோ கோடி மைலுக்கு அப்பால் இல்லை. நம் பட்டறையில் இருக்கிறது. அதைக் காப்பாற்றவேண்டியவனும் அங்கேதான் மண் குழைத்துக்கொண்டு நிற்கிறான். பிள்ளைகள் கதை படிக்கட்டும், வீரன் பறக்கட்டும். ஆனால் புத்தகத்தை மூடியதும், "அவன் எப்படிப் பறந்தான்?" என்று ஒரு கேள்வியும், "நம் அப்பாவுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?" என்று ஒரு கேள்வியும் கேட்கப் பழக்குங்கள். முதல் கேள்வி கேட்கிற பிள்ளை ஒருநாள் சந்திரனுக்குக் கலம் அனுப்பும். இரண்டாவது கேள்வி கேட்கிற பிள்ளை உங்கள் உயிரைக் காக்கும். நாளைக் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் துடைப்பத்தை எடுக்குமுன் ஒரு குடம் தண்ணீர் எடுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.