அப்புவின் வீடு

தலைநகரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ‘அப்பு கர்’ என்னும் பெயர் அந்நியமாக ஒலித்ததில்லை. அப்பு, நம் இல்லங்களில் குழந்தையை அழைக்கும் செல்லப் பெயர். ‘கர்’ என்றால் இந்தியில் வீடு. 1982ஆம் ஆண்டு தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் சின்னமாகிய யானைக்குட்டியே அந்த அப்பு. 1984 நவம்பரில் பிரகதி மைதானத்தில் திறக்கப்பெற்ற அப்பூங்கா, நம் நாட்டின் முதல் கேளிக்கைப் பூங்கா எனப் பெயர் பெற்றது. கோடை விடுமுறையில் ஊரிலிருந்து வரும் உறவினர்க்குச் செங்கோட்டையையும் குதுப்மினாரையும் காட்டுவோம். குழந்தைகளோ அப்புவின் வீட்டிற்கே நம்மை இழுப்பார்கள். இராட்டினத்தின் உச்சியில் அஞ்சி அலறியவர்கள், இறங்கியதும் மறுமுறை ஏற வேண்டுமென்று அடம் பிடிப்பார்கள்.

ஆயினும், பூங்கா நின்றது குத்தகை நிலத்தில். உச்ச நீதிமன்றத்தின் விரிவாக்கத்திற்கும் மெட்ரோ இரயிலுக்கும் அவ்விடம் வேண்டப்பட்டமையால், 2008 பிப்ரவரியில் வாயில் அடைக்கப்பட்டது. நீதிமன்றமும் இரயிலும் நகருக்கு வேண்டியவையே, மறுப்பார் இல்லை.

நேயர்களே, அரசாங்கக் குடியிருப்பில் பிள்ளைகளை வளர்த்து, ஓய்வு பெற்றபின் சாவியைத் திருப்பிக் கொடுத்த நமக்கு இது புரியாததன்று. நிலம் நமக்கு உரிமையானதன்று. எனினும், அங்கே விளையாடி வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவே சொந்த ஊர். ‘உன் ஊர் எது?’ என்று கேட்டால், அவர்கள் தில்லி என்கிறார்கள். அவ்விடையை நாம் திருத்த வேண்டுவதில்லை.